மணல்மேல் போட்ட பழி

என் மரைன் டேங்கில் மீன்கள் செத்ததற்குக் கொளத்தூர்க் கடைக்காரர் கொடுத்த மணல்தான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். மணலில் ஒரு குறையும் இல்லை. விருந்தாளிகள் முன்னால் பெருமை அடித்துக்கொள்ளும் ஆசையில் நான் செய்த காரியத்தால்தான் அவை செத்தன.

நாலடித் தொட்டி. பாறைகள் உண்டு, ஒரு அனிமோனி உண்டு, இரண்டு டாம்சல் மீன்கள் உண்டு, தண்ணீரில் காற்றைக் கலந்து நுரையோடு கழிவை எடுக்கும் நல்ல ஸ்கிம்மர் உண்டு, அடியில் மட்டும் மணல் கிடையாது, வெறும் கண்ணாடி. தரையில் கழிவு ஒளிந்துகொள்ள இடமில்லை, சைஃபன் குழாயை விட்டால் அங்கே கிடப்பதெல்லாம் வந்துவிடும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள் அல்லவா? என்னிடம் இருந்த ஜோடியும் பொரிப்பகத்தில் பிறந்ததுதான். ஓட்டுத் துண்டின் மேல் முட்டையிடும். ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் இப்படி நன்றாக ஓடிய தொட்டியில் கை வைக்க ஒரு தேவையும் இருக்கவில்லை.

ஆனால் வருகிறவர்களெல்லாம் முதலில் கேட்பது, “ஏன் சார், அடியில மணலே இல்லையா?” என்பதுதான். கேட்டுக் கேட்டு எனக்கே தொட்டி மொட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. அதை அப்படியே ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். அரகனைட் மணல் போட்டால் பிஎச் 8.2இல் நிற்கும் என்று மனைவியிடம் சொன்னேன். நைட்ரேட்டும் குறையும் என்றேன். இரண்டும் சப்பைக்கட்டு என்று எனக்கே தெரியும். அரகனைட் என்பது கால்சியம் கார்பனேட். கடல்நீரின் இயல்பான பிஎச்சில் அது கரையவே கரையாது. கரையாத பொருள் பிஎச்சை எப்படித் தாங்கும்? நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத ஆழம் வேண்டும். மொனாக்கோவில் ஜோபேர் என்ற விஞ்ஞானி செய்து காட்டியது போன்ற ஆழமான மணல் படுகைகள் அதற்காகத்தான். நாலங்குலமாவது இருந்தால்தான் பேச்சு. நான் போட நினைத்தது ஒரே அங்குலம். அழகைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

மெரினா மணலை அள்ளிப் போடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அது பெரும்பாலும் சிலிக்கா, கூடவே ஊர்ச் சாக்கடை. மன்னார் வளைகுடாப் பவளத் துண்டுகளோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, தொடவே கூடாது. ஆக, கடையில் விற்கும் அரகனைட்டை 20 கிலோ வாங்கினேன். நாலடித் தொட்டிக்கு ஒரு அங்குலம் பரப்ப அவ்வளவு வேண்டும்.

கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பவில்லை. “ஓடுற தொட்டி சார் இது. புதுத் தொட்டி மாதிரி கொட்டிடாதீங்க” என்றார். தண்ணீர் தெளியும்வரை கழுவு. முதலில் பாறை இடுக்கில் இருக்கும் கழிவை உறிஞ்சி எடு. பிவிசி குழாயைத் தரைவரை இறக்கி அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடு. ஒரு மூலையை முடித்துவிட்டு இரண்டு நாள் பார், பிறகு அடுத்த மூலை. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். இன்னும் சொன்னால், இதே அறிவுரையை நான் இன்னொருவருக்கு மிடுக்காக வழங்கியும் இருக்கிறேன். ஆனால் மறுநாள் மாலை வீட்டில் விருந்து.

இரண்டு அலசு அலசி, மூட்டையோடு சாய்த்துக் கொட்டினேன். தொட்டி மோர் மாதிரி ஆகிவிட்டது. மீன் எங்கே, பாறை எங்கே, தெரியவில்லை. பாறை இடுக்கில் கிடந்த கழிவும் கிளம்பித் தூசியோடு கலந்தது. அப்போதுகூடப் பிழைத்திருக்கும். தூசி சீக்கிரம் படியட்டும் என்று வேவ் மேக்கரையும் மெயின் பம்பையும் நிறுத்தினேன் பாருங்கள், அதுதான் கொலை. பம்பு நின்றால் ஸ்கிம்மருக்கும் வேலை இல்லை. அரை மணி கழித்துப் போடலாம் என்று உட்கார்ந்தவன் படுத்துத் தூங்கிவிட்டேன்.

28 டிகிரிச் சூட்டில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது 6.5 மில்லிகிராமுக்கு அருகில்தான். இந்தச் சொற்பத்தில் மீன்களும், அனிமோனியும், பாறையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் பங்கு கேட்கும். கிளம்பிய கழிவு அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மேற்பரப்பு அசையாவிட்டால் புதிதாக ஒன்றும் உள்ளே இறங்காது. போதாக்குறைக்குச் செவுள்களில் சுண்ணாம்புத் தூசி.

காலையில் தண்ணீர் நன்றாகவே தெளிந்திருந்தது. பெண் கோமாளி புது மணலில் கிடந்தது. இந்த இனத்தில் பெண்தான் பெரியது. மூச்சுத் திணறலில் பெரும்பாலும் பெரிய உடம்புதான் முதலில் போகும் என்பார்கள். டாம்சல் இரண்டும் செத்திருந்தன. ஆண் மட்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பம்பைப் போட்டேன், அது பிழைத்தது.

அடுத்து நான் செய்ததுதான் இன்னும் கேவலம். விருந்தாளிகள் கேட்பதற்கு முன்பே, “ராத்திரி கரண்ட் போயிடுச்சு” என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். இரவு முழுக்க ஏசி ஓடியது அவளுக்குத் தெரியும். அந்தப் பொய் நிற்காது என்று தெரிந்ததும், “மணல்ல ஏதோ கெமிக்கல் இருந்திருக்கு” என்று மாற்றினேன். இது நன்றாக எடுபட்டது. மீன் வளர்க்கும் நண்பர்களிடமும் அதையே சொன்னேன், கடை பெயரோடு. எனக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர், அந்தக் கடைப் பக்கமே இனிப் போவதில்லை என்றார். நான் தடுக்கவில்லை.

மூட்டையில் ஒட்டிக் கிடந்த மிச்ச மணலைப் பிறகு ஒரு வாளியில் நன்றாகக் கழுவி, உப்புநீரில் போட்டு அம்மோனியா சோதனை செய்து பார்த்தேன். பூஜ்யம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இப்போதுதான் கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, “பம்பை நிறுத்திட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். என் பேச்சைக் கேட்டு அந்தக் கடையை ஒதுக்கிய நண்பர்களே, திரும்பிப் போங்கள். மணல் நல்ல மணல்.