கடைவாய்ப் பல்லும் ழகரமும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, சங்க இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமோ எமது இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

எழுத்துகளின் பிறப்புக் கூறவந்த நன்னூலார் இதழ், நா, பல், அணம் என உறுப்புகளை எண்ணினார். அங்கே முன்பல்லுக்கே பெருமை. கடைவாய்ப் பல்லை நாம் ஒருபொழுதும் நினைத்ததில்லை. அப்பல்லின் உட்சுவர் உடைந்து, அதன் கூர் நாவிளிம்பை அறுக்கத் தொடங்கிய பின்னரே நினைத்தோம். ளகரமும் ழகரமும் சொல்லுந்தோறும் நோவு. மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து விடியற்காலையிற் பேருந்தேறிச் சென்று, நாள் முழுதும் வாயால் உழைக்கும் தமிழாசிரியனுக்கு இது சிறிய இடர் அன்று.

உடைவுக்கு முன் ஒரு வரலாறு உண்டு. சொத்தையுற்ற அப்பல்லை ஓரிடத்தில் வெள்ளைப் பசையால் அடைப்பித்திருந்தோம். எம் தந்தையார் காலத்தில் ஏறத்தாழப் பாதி இரசம் கலந்த உலோகக் கலவையே வழக்கு. இரசத்தின் தீங்கு கருதி 2013இல் நாடுகள் செய்துகொண்ட மினமாற்றா உடன்படிக்கை அதனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிற்று. வெள்ளைப் பசையோ பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் சேர்ந்தது. நீல ஒளி பட இறுகுவது. எமது பல்லின் ஆழ்குழியை ஒரே அப்பாக அப்பி, ஒளி காட்டி அனுப்பிவிட்டனர். பத்து நிமிடத்தில் முடிந்ததென மகிழ்ந்தோம். மறுநாள் முதல் கடித்தால் வலி. சில திங்களில் உட்சுவர் பெயர்ந்தது. பிறிதோரிடத்தில் "பிடுங்கிவிடலாம்" என்றார்கள்.

பிடுங்க மனம் ஒவ்வாது, எம் பழைய மாணவர் ஒருவரை நாடினோம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் எம்மிடம் படித்தவர். இன்று பல் வைத்தியர். கண்ணாடியால் நோக்கிவிட்டு, "சேர், பிடுங்கத் தேவையில்லை. ஆனால் முக்கால் மணித்தியாலம் வாயைத் திறந்திருக்க வேணும்" என்றார். அவர் சொல்லியே இவற்றை அறிந்தோம்.

இப்பசை இறுகும்பொழுது கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். குழியின் எல்லாச் சுவர்களையும் ஒருங்கே பற்றிக்கொண்டு சுருங்கினால், ஒன்று சுவரைவிட்டு விலகி இடைவெளி விடும். அன்றேல் மெலிந்த சுவரை உள்ளே இழுக்கும். ஆழத்திற் கிடப்பதற்கு ஒளியும் போதியவாறு எட்டாது. ஆதலின் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒளி காட்டுவர். கிடையாகப் படைமேற் படை இடுதல் ஒரு முறை. சரிவாக, ஒரு படை எதிரெதிர்ச் சுவர்களை ஒருங்கே பிணைக்காதவாறு இடுதல் மற்றொன்று. சுவருக்குச் சாந்து பூசும் மேசனும் தடித்த பூச்சை ஒரே தடவையில் அப்பான் அல்லவா?

"அப்படியாயின் ஒரே அப்பு முற்றிலும் பிழையோ?" என்றோம். அன்று என்றார். 4 மில்லிமீற்றர் வரை ஒருங்கே இடத்தக்க, ஒளி ஆழமாக ஊடுருவும் பசைகள் இப்பொழுது உள்ளன. அவற்றால் அடைத்த பற்களும் படைபடையாக அடைத்தவற்றுக்கு ஏறத்தாழ நிகராகவே நிலைக்கின்றன எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றனவாம். பழைய வகைப் பசையைப் புதிய வகைபோல் அப்பியதே எமக்கு நேர்ந்த குறையாகலாம் என்றார். எந்த முறையாயினும் எச்சில் படாது காத்தலே முதன்மை என்று சொல்லி, இறப்பர்த் தாளொன்றைப் பல்லைச் சுற்றி விரித்தார். மெலிந்த சுவர்களை எண்ணிச் சரிவுப் படைகளையே தேர்ந்தார். வகுப்பில் ஒரு வரியை ஆறமர எழுதாத அந்தக் கை, எத்துணைப் பொறுமையுடன் படை படையாக இட்டது!

முடிந்ததும் முறுவலித்து, "சேர், 'மழை' என்று சொல்லுங்கோ" என்றார். மரத்த நா "மயை" என்றது. அன்று இவர் நாவிலும் அப்படியே வந்தது. அதற்காக ஒரு வாரம் கரும்பலகையருகே நிறுத்தினோம். அது பிழையென்று அங்கேயே சொல்ல முயன்றோம், வாய் ஒத்துழைக்கவில்லை. அவரும் இம்மலரைப் படிப்பார் என்பதனால் இங்கே எழுதுகின்றோம்.