ஜாகை மாற்றும் படலம்

ஒரு கல்யாணம் என்றால் நம்மவர்கள் என்ன பாடு படுகிறார்கள்! ஆறு மாதத்துக்கு முன்பே சத்திரம் பேசுகிறார்கள். சமையற்காரருக்கு அச்சாரம் கொடுக்கிறார்கள். அப்பளம் முதல் ஆரத்தித் தட்டு வரையில் ஜாபிதா எழுதி, அதைப் பத்துப் பேரிடம் காட்டி, விட்டுப் போனதைச் சேர்த்துக் கொள்கிறார்கள். அதே மனிதர்கள் ஜாகை மாற்றும்போது செய்வது என்ன? வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "ஞாயிற்றுக்கிழமை போய்விடலாமா?" என்று பேச்செடுக்கிறார்கள். சனிக்கிழமை முழுவதும் சாக்குக்கும் கயிற்றுக்கும் அலைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் லாரி வந்து நிற்கிறது; உள்ளே அடுப்பில் உலை கொதித்துக் கொண்டிருக்கிறது!

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாறுதல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மனிதனுக்கு எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100, கல்யாணத்துக்கு 50, ஜாகை மாற்றத்துக்கு வெறும் 20. "இவ்வளவுதானா?" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். ஜாகை மாற்றம் தனியாக வருகிற விருந்தாளி அல்ல. பள்ளிக்கூடம் மாறுவதற்கு இன்னொரு 20; வசிக்கும் நிலைமை மாறுவதற்கு 25. கூட்டிப் பார்த்தால் 65! பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளும் நாம் இந்தக் கூட்டலைத் தெரிந்துகொள்ள இரண்டு முறை ஜாகை மாற்ற வேண்டியிருந்தது.

முதல் முறை நடந்தது 2014-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். போடிமெட்டுக்கு அருகில் நம் மாமனாருக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. அவர் காலமானதும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "நாம் மேலே போய்விடலாம், நீங்கள் தினம் பஸ்ஸில் இறங்கிப் பள்ளிக்கூடம் போய் வாருங்கள்" என்றாள் நமது இல்லத்தரசி. வெள்ளிக்கிழமை முடிவு செய்தோம், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து சுமார் 1,400 மீட்டருக்கு ஏற வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பாதையில் பாறை உருளுவது புதிய செய்தி அல்ல. அன்றும் உருண்டது. பாதி மலையில் லாரி நான்கு மணி நேரம் நின்றது. மேலே போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது, மின்சாரம் இல்லை, தீப்பெட்டி எந்த மூட்டையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் நம் தாயாருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பல வருஷங்களாக அவளுக்கு ஆஸ்துமா உண்டு. பனி மூட்டமும் ஈரச் சுவரும் அதைக் கிளப்பிவிட்டன. அவள் உறிஞ்ச வேண்டிய மருந்துக் குழல் முப்பத்தைந்து மூட்டைகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. கைபேசியின் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கயிற்றை அறுத்தோம். துணி வந்தது, பாத்திரம் வந்தது, பரணிலிருந்து இறக்கிய பழைய காலண்டர்கள்கூட வந்தன. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, பித்தளைத் தவலைக்குள், அரிசிப் படிக்கு அடியில் மருந்து அகப்பட்டது. அதுவரையில் அந்த இருட்டில் அவள் மூச்சின் ஒலியைத் தவிர வேறு எதுவும் நம் காதில் விழவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி அரவம் கேட்டு வந்தாள். தீப்பெட்டியும், மண்ணெண்ணெய் விளக்கும், ஒரு சட்டிக் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள். நாம் யார், என்ன என்று கேட்கவில்லை. தாயார் கஞ்சியைக் குடித்துவிட்டு, வெகு நேரம் கழித்து ஒரே வார்த்தை சொன்னாள்: "ஏப்பா, என்னையும் ஒரு மூட்டையாத்தானே ஏத்திக்கிட்டு வந்தே?"

அந்த வார்த்தை ஒன்பது வருஷம் நம் நெஞ்சில் கிடந்தது.

2023-ஆம் ஆண்டில் மறுபடியும் போடிக்கு இறங்க வேண்டியதாயிற்று. மகள் பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும்; பையன் ஆறாம் வகுப்புக்கு. தை மாதத்திலேயே முடிவு செய்து, தை மாதத்திலேயே ஆயத்தம் தொடங்கினோம். "வைகாசியில் போவதற்கு இப்போதே சாக்கு வாங்குகிறாரே வாத்தியார்!" என்று சிரித்தவர்கள் உண்டு. நாம் சிரிப்புக்கு அஞ்சவில்லை.

இந்தப் புத்தி நமக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை; ஏலத்தோட்டத்திலிருந்து வந்தது. ஏல நாற்றை நாற்றங்காலில் 18 முதல் 22 மாதம் வரையில் வளர்த்த பிறகே தோட்டத்தில் நடுகிறார்கள். கோடையிலேயே குழி வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு வைத்துவிடுகிறார்கள். மழை தொடங்கியதும் நட்டு, காற்றில் சாயாதபடி குச்சி நட்டுக் கட்டி, அடியில் சருகு பரப்புகிறார்கள். மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தேடுகிறவன் நாற்றைப் பறிகொடுக்க வேண்டியதுதான். ஒரு செடியை இடம் மாற்றுவதற்கு இவ்வளவு முன்யோசனை என்றால், எழுபத்தெட்டு வயதுத் தாயாரை இடம் மாற்றுவதற்கு எவ்வளவு வேண்டும்?

முதலில் நாள் பார்த்தோம். ஆனியில் அடியெடுத்து வைக்காதே, பங்குனியில் குடி போகாதே என்று பெரியவர்கள் சொல்லுவதுண்டு. பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆனியில் மலைப் பாதையில் மழை. ஆடியும் ஆவணியும் வந்தால் ஏலக்காய் பறிப்பு மும்முரப்பட்டு, ஜீப்பும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. பரீட்சை முடிந்து மழை பிடிப்பதற்குள் கையில் இருந்தது சித்திரையும் வைகாசியுந்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்து மாற்றுச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும் என்பதால், மே மாதக் கடைசியில் ஒரு நாளைக் குறித்தோம்.

அடுத்தபடியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஜாபிதா எழுதினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண்; எந்தப் பெட்டியில் என்ன, புது வீட்டில் எந்த அறைக்கு என்பது அந்த எண்ணுக்கு நேரே. கழிக்க வேண்டியவற்றை மாசி மாதத்திலேயே கழித்தோம். மலைக்கு வேண்டிய கனத்த கம்பளிகளும் கணப்புச் சட்டியும் போடி வெயிலில் எதற்கு? அவற்றை மேலேயே குளிரில் நடுங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கச் சொல்லி எழுதிக்கொண்டோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்குவதில்லை என்றும் தீர்மானித்தோம். அந்த நாளில் மூணாறுத் தேயிலை எப்படி இறங்கியது? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கோட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. ஆனால் படிப்படியாக இறக்கும் யோசனையை எந்த வெள்ளமும் அழிக்கவில்லை. பங்குனி முதல் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் ஒரு பையில் புத்தகமோ பாத்திரமோ கொண்டுபோய்ப் புது வீட்டில் வைத்தோம். வைகாசி வந்தபோது பாதி வீடு இறங்கியிருந்தது.

காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு, காஸ் இணைப்பு ஆகியவற்றில் விலாசம் மாற்றுவதற்கு ஒரு பக்கம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. குளிர்பதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்துத் துடைத்து, நிமிர்த்தியபடியே ஏற்றி, இறக்கிய பிறகு சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டு, அப்புறமே மின்சாரம் கொடுக்க வேண்டும். இவை யாவும் எழுதி வைத்தால் தாமே நடந்துவிடும். எழுதி வைத்தால் நடக்காதது ஒன்று உண்டு, அது மனம்.

தாயார் வர மறுத்துவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஏற மறுத்தவள் இப்போது இறங்க மறுத்தாள்! "நீங்க போங்க. நான் இங்கேயே இருந்துக்குறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களாயிருந்தால் அந்த இடத்தில் சண்டைதான் நடந்திருக்கும். நமக்கோ நான்கு மாதம் இருந்தது. மறுபேச்சுப் பேசவில்லை. மாசியில் ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புது வீட்டைக் காட்டினோம். கிழக்கு ஜன்னலண்டை சற்று நேரம் நின்றாள். "இங்கே கட்டில் போட்டா மலை தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மறுவாரமே அவளுடைய கட்டில் முதல் சாமானாக இறங்கி அந்த ஜன்னலண்டை போய்ச் சேர்ந்தது. மேலே அவள் பெஞ்சுப் பலகையில் படுத்துக்கொண்டாள். தன் இடம் கீழே தயாராயிருக்கிறது என்பது அவளுக்கு ஒரு தைரியம்.

சித்திரை பிறந்ததும் சாயங்காலந்தோறும் ஒரு வீட்டுக்குப் போய் விடைபெற்றுக்கொள்ளத் தொடங்கினாள். கடைசியாகப் போனது கஞ்சி கொண்டுவந்த அம்மாளின் வீட்டுக்கு. தன் மாமியார் காலத்து ஆட்டுக்கல்லை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அதை உயிருள்ளவரை விடமாட்டாள் என்று நாம் லாரியில் தனி இடம் ஒதுக்கியிருந்தோம்! "கனமான சாமான். அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள். எதை எடுத்துப் போவது என்பதை நாம் தீர்மானித்தோம். எதை விட்டுப் போவது என்பதை அவளே தீர்மானித்தாள். அதற்குத்தான் அந்த நான்கு மாதமும் தேவைப்பட்டது.

கிளம்பும் நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் நேயர்கள் நம்பமாட்டார்கள். பீரோ மாடிப்படியில் திரும்பவில்லை. பையன் பூனையைத் தேடிக்கொண்டு காணாமற்போனான். கோடை மழையும் ஒரு பாட்டம் பெய்தது. ஆனால் முதலாம் எண் பெட்டி நம் மடியிலேயே இருந்தது. தீப்பெட்டி, விளக்கு, பால் காய்ச்சப் பாத்திரம், சர்க்கரை, உப்பு, மஞ்சள், ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, படுக்க இரண்டு பாய், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயாரின் மருந்துக் குழல் இரண்டு. பால் பொங்கியது. தாயார் ஜன்னலண்டை கட்டிலில் படுத்து, மலையைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள். அவளுடைய மூச்சு சீராக வருகிறதா என்று இரவில் இரண்டு தரம் எழுந்து பார்த்தோம், சீராகவே வந்தது.

அந்த வருஷம் வெயில் காரணமாகப் பள்ளிக்கூடங்களை ஜூன் 12-ஆம் தேதிதான் திறந்தார்கள். மூட்டை பிரிக்கக் கூடுதலாகச் சில நாட்கள் கிடைத்தன. ஜூன் 15-ஆம் தேதி, பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் நின்றுபோயிருந்த ரயில் போடிக்குத் திரும்பி வந்தது. அதன் ஊதல் கேட்டதும் தாயார், "இதுவும் நம்மளை மாதிரித்தான், இப்பத்தான் ஊரு வந்து சேருது" என்றாள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு முன்யோசனைக்குப் பிறகும் ஒரு சாமானை மேலேயே மறந்துவிட்டு வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, கஞ்சி கொண்டுவந்த அந்த அம்மாள் ஆள் ஏற்றும் ஜீப்பில் அதைக் கொடுத்தனுப்பினாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தோம்.

நமது ஜாபிதா நோட்டு!