ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு தேநீர்த் தோட்டம்

பந்தல்குடியில் மழை என்பது பஞ்சாங்கத்தில் மட்டும் தவறாமல் இடம்பெறும் விஷயம். கரிசல் வெடித்துக் கிடக்கும் அந்தப் பூமியில் பூகோளம் போதித்துக் காலந்தள்ளும் எனக்கு, சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ நகரைப் பார்க்கும் பாக்கியம் கிட்டியது. அங்கே உத்தியோகத்திலிருக்கும் என் தங்கையும் மாப்பிள்ளையும் பிரயாணச் சீட்டை அனுப்பிவிட்டார்கள்.

அந்நகரத்துக் கோல்டன் கேட் பூங்காவினுள்ளே ஒரு ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் இருக்கிறது. வால்பாறையைப் போலத் தேயிலை பயிராகும் இடமென்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. குளமும் பாலமும் மரமும் சூழ, அமர்ந்து தேநீர் அருந்துவதற்கான உத்தியானம் அது. “வாங்கண்ணா, போகலாம்” என்று தங்கை அழைத்தபோது எனக்குக் கால் எழவில்லை. காரணம், எங்கள் தாயைப் பெற்ற தாத்தா.

அவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு பொழிந்தன. 1942-ல் தாத்தா கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மலையும் காடும் கடந்து கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தார். அந்தச் சாவி இன்றும் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. ஜப்பான் சாமான் எதையும், ஒரு கடிகாரத்தைக்கூட, அவர் வாசற்படி ஏற விட்டதில்லை.

ஆயினும் போனேன். நுழைந்ததும் கண்ணைக் கவர்வது மரத்தாலான வில்வளைவுப் பாலம். அதன் நிழல் நீரில் விழும்போது பாதி வட்டம் முழு வட்டமாகிவிடுகிறது. ஏணியேறுவது போலத்தான் அதில் ஏற வேண்டும். நான் ஏறியதைக் கண்டு ஒரு சிறுமி சிரித்தாள். அப்பால் 1790-ல் வார்த்த வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம், 1953-ல் நகாவோ ஸகுராய் என்னும் நிபுணர் அமைத்த உலர்தோட்டம். பாறைகளுக்கிடையே சரளைக் கற்களைப் பரப்பி, வாரியால் கோடிழுத்து, அதையே நீரோட்டமாகப் பாவிக்கிறார்கள். நீரில்லாத ஓடையைக் காண இவ்வளவு தூரம் வர வேண்டுமா, எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றால் போதாதா என்று தோன்றிற்று! ஆனால் நாம் வறட்சியைச் சபிக்கிறோம். அவர்கள் அதைக் கோதிவிட்டு அழகு பார்க்கிறார்கள்.

இத்தோட்டம் 1894-ல் நடந்த பொருட்காட்சிக்காக எழுந்தது. காட்சி முடிந்ததும் இதை நிரந்தரமாக்கி, சுமார் ஓர் ஏக்கரை ஐந்து ஏக்கராக வளர்த்தவர் மகோதோ ஹகிவாரா என்ற ஜப்பானியர். மரம், மீன், பறவை எல்லாம் தாய்நாட்டிலிருந்து தருவித்தார்; கைப்பொருளையும் செலவிட்டார். தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்து 1925-ல் காலமானார். அவருக்குப்பின் குடும்பத்தார் பராமரித்தார்கள்.

பிறகு 1942 வந்தது. அதே 1942! ஜப்பானோடு யுத்தம் மூண்டதால், ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிரஜைகள். ஹகிவாரா குடும்பமும் வெளியேறியது. வீட்டை இடித்தார்கள். தோட்டத்தின் பெயரிலிருந்து ‘ஜப்பானிய’ என்ற சொல்லை நீக்கி, ‘கீழ்நாட்டுத் தேநீர்த் தோட்டம்’ என்றாக்கினார்கள். பழைய பெயர் 1952-ல் மீண்டது. வேறு கைக்குப் போயிருந்த குட்டை மரங்களும் 1960-களில் திரும்பி வந்தன. குடும்பம் மட்டும் அங்கே குடியேற முடியவில்லை. 1988-ல் அரசாங்கம் மன்னிப்புக் கோரி, முகாமில் இருந்தவர்களுள் உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கிற்று.

அந்த வீட்டின் சாவியை யாரேனும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்களோ என்னவோ.

தேநீர் வந்தது, பச்சை நிறம், பாலில்லை, சர்க்கரையில்லை. கஷாயம் என்று சொல்லியிருந்தால் மரியாதையாகக் குடித்திருப்பேன். உடன் வந்தது, உள்ளே காகிதச் சீட்டு வைத்து மடித்த பிஸ்கோத்து. அமெரிக்காவில் இதை முதலில் வழங்கியவர்களுள் ஹகிவாராவும் ஒருவர் என்கிறார்கள். இன்று அதைச் சீனப் பலகாரமென்றே ஊரார் அறிவர். அதற்கும் பெயர் மாறிவிட்டது, பாவம்!

ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்து, நடந்த கதையெல்லாம் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க ஐயா இருந்தா இதை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு” என்று சொல்லிக்கொண்டே பாதியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபாதியை என்னிடம் நீட்டினாள்.