வண்டிக்கு யார் பிரஷர் பார்ப்பது?

ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் பிரஷர் பார்க்கிறோம். அவர்களை ஏற்றி வருகிற வண்டிக்கு யார் பார்ப்பது? போன வருஷம் வரை எனக்கும் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயசானவங்க இருந்தால் கடைசி வரை படிங்க.

கோவையில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. மெயின் கேட்டிலிருந்து ஓ.பி.க்கு அரை கிலோமீட்டர். நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு. கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அதே வகைதான். பின்னால் சீட் சேர்த்து 6 பேர் உட்காரலாம்.

அன்று காலை நானும் ஏறினேன். பக்கத்தில் 74 வயது ஆத்தா ஒருவர், அவிநாசிப் பக்கம். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி 14ஆம் நாள், தையல் பிரிக்க வந்திருந்தார்.

ஓ.பி.க்கு முன்னால் ஒரு வேகத்தடை. வண்டி மெதுவாகத்தான் ஏறி இறங்கியது. ஆனால் பின்சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு அடி. "ஐயோ சாமி!" என்று ஆத்தா என் கையைப் பிடித்தார்.

மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். நல்லவேளை, எதுவும் நகரவில்லை. வெளியே நின்ற மகன் கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், மெதுவா நடத்தியே கூட்டிட்டு வந்திருந்தா இந்த வலி வந்திருக்காதுங்களா?" எனக்குப் பதில் இல்லை.

கீழே போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் அண்ணன் இடது பின் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "காத்து பத்தலைங்க டாக்டர். ரெண்டு வாரமா சொல்லிட்டுத்தான் இருக்கறனுங்க."

அந்த ரெண்டு வாரமும் நானும் அதே வண்டியில்தான் போனேன். ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது எனக்கும் தெரியும். யாராவது பார்ப்பாங்க என்று போனை நோண்டியபடி இறங்கிப் போய்விட்டேன். இதை எழுதக் காரணமே அந்தக் குற்ற உணர்வுதான்.

ஒரு சுவாரசியம். காற்றடைத்த டயரை 1888ல் காப்புரிமை வாங்கி உலகம் முழுக்கப் புழக்கத்துக்குக் கொண்டு வந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். குலுக்கலைத் தாங்குவது அந்தக் காற்றுதான். காற்று குறைந்தால் ரிம் நேராகத் தரையில் இடிக்கும். அந்த அடி சீட் வழியாக இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதன் பிறகு பஞ்சர் கடையிலும் மெக்கானிக்கிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கோயில், கல்லூரி, அப்பார்ட்மென்ட், மில் என்று எங்கே இந்த வண்டி ஓடினாலும் பொருந்தும்.

1. இந்த வண்டிகளில் அதிகம் வருகிற 18x8.50-8 அளவு டயருக்குப் பொதுவாக 18 முதல் 22 பி.எஸ்.ஐ. போதும். காருக்கு வைக்கிற மாதிரி 32 வைத்தால் கல்லு மாதிரி ஆகிவிடும், குலுக்கல் கூடும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கம்பெனி கையேட்டில் இருக்கும். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, வைக்க வேண்டிய அளவு அல்ல.

2. காலையில் வண்டி எடுக்கும் முன்பே பாருங்க. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

3. காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். காற்று குறைந்த வண்டியை இழுக்க மோட்டார் அதிக கரண்ட் எடுக்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

4. புல்வெளிக்கான டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் வேகமாகத் தேயும். ரோட்டுக்கு ரோட்டு டயர்தான். 6 பேர், 8 பேர் ஏறும் வண்டிக்கு எடை தாங்கும் அளவையும் பார்த்து வாங்கணும். எங்கள் வண்டியில் இருந்தது விலை குறைவு என்று வாங்கிய புல்வெளி டயர்!

5. பட்டை நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீங்க. குறைவாக ஓடி வெயிலில் நிற்கிற வண்டியில், தேய்வதற்கு முன்பே ரப்பர் வெடிப்பு விடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது.

6. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயர் இருக்கணும். ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழனி கிரிவலப் பாதையில் 2024ல் உயர் நீதிமன்ற உத்தரவால் தனியார் வாகனங்கள் நிறுத்தப்பட்ட பிறகு, கோயில் பேட்டரி வண்டிகளை நம்பித்தான் எத்தனையோ வயசானவங்க சுற்றி வருகிறார்கள். அடுத்த முறை உங்க ஆத்தாவை, அப்புச்சியை ஏற்றும் முன் நாலு டயரையும் ஒரு பார்வை பாருங்க. ஒன்று சப்பையாக இருந்தால் ஓட்டுநரைத் திட்டாதீங்க. அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். அவரோடு சேர்ந்து நீங்களும் அலுவலகத்தில் சொல்லுங்க. நான் செய்யாமல் விட்டது அதுதான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அதன் பிறகு 4 டயரும் மாற்றினார்கள். ஓட்டுநர் அண்ணனிடமே ஒரு கேஜும் நோட்டும் கொடுத்தார்கள். திங்கள்கிழமை தோறும் அவர் எழுதுவார்.

ஆறு வாரம் கழித்து அந்த ஆத்தா கைத்தடியோடு வந்தார். வண்டி பக்கத்தில் நின்று, ஏறுவதற்கு முன் கேட்டார்: "காத்து இருக்குதா கண்ணு?"

"இருவது இருக்குதுங்க ஆத்தா" என்றார் அண்ணன். அதற்கப்புறம்தான் ஏறினார்.