பேஸைக் குறைத்து வைத்த பேஸ் கலைஞர்!

பேஸ், மிடில், ட்ரெபிள். பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் இந்த மூன்று குமிழ்கள் இருக்கும். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவர் இதில் எதை அதிகம் கூட்டி வைப்பார்? பேஸைத்தானே!

லெம்மி அதைப் பூஜ்யத்தில் வைத்தார். ட்ரெபிளும் பூஜ்யம். நடுவில் இருக்கும் மிடிலை மட்டும் கடைசி வரை திருகிவிட்டார். இசைக்கருவிக் கடைக்காரர் யாராவது பார்த்திருந்தால், "தம்பி, தப்பா வெச்சிருக்கீங்க" என்று சொல்லியிருப்பார். ஆனால், உலகின் மிகச் சத்தமான ராக் பேண்டுகளில் ஒன்றான மோட்டார்ஹெட்டின் அடையாளமே அந்த 'தப்பு'தான்.

லெம்மியின் இயற்பெயர் இயன் ஃப்ரேசர் கில்மிஸ்டர். 1945 டிசம்பர் 24-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1960-களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் குழுவில் மேடைக்கான கருவிகளைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தார். அவர் வாசிக்க ஆசைப்பட்டதும் வாசித்துக்கொண்டிருந்ததும் சாதாரண கிட்டார்தான். 1971-ல் ஹாக்விண்ட் என்ற பேண்டில் சேரப் போனபோதும் அதே எண்ணத்தோடுதான் போனார். ஆனால், அன்று பேஸ் வாசிப்பவர் வரவில்லை. அவருடைய பேஸ் கிட்டார் மட்டும் வேனில் இருந்தது. அதை எடுத்து லெம்மியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பேஸ் வாசிக்க அவர் யாரிடமும் கற்றதில்லை. கிட்டாரை வாசிப்பதுபோலவே நான்கு கம்பிகளையும் சேர்த்து அடித்தார். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவே இல்லை.

1975-ல் கனடா எல்லையில் போதைப்பொருள் வழக்கில் கைதானார். பேண்டு அவரை வெளியே அனுப்பியது. 30 வயதை நெருங்கிய நேரத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. அப்போது அவர் தொடங்கியதுதான் மோட்டார்ஹெட். அதன் புகழ்பெற்ற அணியில் மூன்றே பேர். ஒரு டிரம்ஸ், ஒரு கிட்டார், ஒரு பேஸ்.

அவருடைய ஆம்ப் தேர்வுக்கான விடை இந்த மூன்று என்ற எண்ணில்தான் இருக்கிறது. ஒரே ஒரு கிட்டார் இருக்கும் பேண்டில், அந்தக் கிட்டார் கலைஞர் தனி ஆவர்த்தனம் வாசிக்கப் போனால், பின்னால் பாட்டைத் தாங்க ஆள் கிடையாது. அந்த இடம் வெறிச்சோடிப்போகும். லெம்மி பேஸ் கிட்டாரை வைத்து அந்த இடத்தை நிரப்பினார். கிட்டாரின் குரல் பெரும்பாலும் இருப்பது நடு ஸ்தாயியில். அதனால்தான் மிடில் குமிழ் அந்தத் திருகு திருகப்பட்டது!

அவர் தேர்ந்தெடுத்தது 100 வாட் மார்ஷல் சூப்பர் பேஸ். டியூப்களில் இயங்குகிற ஆம்ப். டியூப் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால், ஒலி கரகரவென்று உடையும். அந்த உடைசல்தான் அவருக்குத் தேவைப்பட்டது. கீழே 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெட்டிகள், 15 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெட்டிகள். தனக்குப் பிடித்த ஆம்புக்கு 'மர்டர் ஒன்' என்று பெயரும் வைத்திருந்தார். 2008-ல் மார்ஷல் நிறுவனம் அவர் பெயரிலேயே ஓர் ஆம்பை வெளியிட்டது.

எல்லோருக்கும் இதே வழி சரிவருமா? வராது. இரண்டு கிட்டார்கள் இருக்கும் ஹெவி மெட்டல் பேண்டில் நடு ஸ்தாயியில் ஏற்கெனவே நெரிசல். அங்கே பேஸ் கிட்டாரின் வேலை, அடித்தளத்தைத் தாங்குவது. அதற்கு வேறு ஆயுதம் வேண்டும். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி அப்படி ஒன்று. 300 வாட், 14 டியூப்கள், 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெரிய பெட்டி. அந்த ஆண்டே ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடைகளில் ஏறியது.

கடைக்குப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். ஆனால், வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க, சுமார் பத்து மடங்கு வாட் தேவை. அதைவிட ஸ்பீக்கர்களின் மொத்தப் பரப்பு முக்கியம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய அலையை எழுப்ப, நிறைய காற்றைத் தள்ள வேண்டும். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டின் பரப்பு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கின் பரப்பைவிட ஏறக்குறைய 40 சதவிகிதம் அதிகம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஓம் கணக்கு. எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால், ஆம்புக்கு அது நான்கு ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டினால், கருவி பழுதாகலாம். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் இயக்கவே கூடாது.

காதுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த வரம்பு இது. ஆம்ப் வாங்கும் அன்றே காதடைப்பானும் வாங்கிவிடுவது நல்லது.

லெம்மியின் கடைசி வருடங்கள் சிரமமானவை. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டது. 2015-ல் அமெரிக்காவில் சில நிகழ்ச்சிகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். ஆனாலும் வாசிப்பதை விடவில்லை. டிசம்பர் 11-ல் பெர்லினில் நடந்ததுதான் கடைசிக் கச்சேரி. டிசம்பர் 24-ல் 70 வயது நிறைந்தது. டிசம்பர் 28-ல் இறந்துபோனார்.

2016 ஜனவரி 9-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. யூடியூபில் நேரலை. நண்பர்கள் பேசி முடித்ததும், லெம்மியின் பேஸ் கிட்டாரை அவருடைய ஆம்புகளில் இணைத்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோன மைக் 'கூ'வென்று அலறுமே, அதே சங்கதிதான். ஸ்பீக்கரின் ஒலி கம்பியை அதிரவைத்தது. கம்பியின் அதிர்வு ஸ்பீக்கருக்கே திரும்பிப்போனது.

கையில்லாமல் அந்தக் கருவி முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அதோடு முடிந்தது.