விட்ட இடம்

வருவாய்த் துறையில் இருந்துவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு மறுபடி கதை எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது தாலுகா ஆபீஸ் தமிழ். ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று கை எழுதாவிட்டாலும் வாக்கியம் அந்த வார்ப்பில்தான் விழுகிறது. நேற்று எழுதிய பத்தியில் ஒரு கிழவியின் வீடு இடிக்கப்பட்டது, பொருட்கள் வெளியே வைக்கப்பட்டன, சாவி பெற்றுக்கொள்ளப்பட்டது. இடித்தது யார், சட்டிபானையைத் தூக்கி வெளியே வைத்த கை யாருடையது, சாவியை வாங்கினவர் அவள் முகத்தைப் பார்த்தாரா இல்லையா, ஒன்றுமே அதில் இல்லை. கோப்பில் அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே ஆள் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது. கதைக்கு ஆள்தான் வேண்டும். மறுபடி எழுதினேன். மாரியப்பன் கடப்பாரையை ஓங்கினான் என்று எழுதியதும் மாரியப்பனுக்கு ஒரு வயசு வந்தது, ஒரு தயக்கம் வந்தது, அந்தக் கிழவி தன் அம்மாவோடு சேர்ந்து களையெடுத்தவள் என்ற நினைப்பும் வந்தது.

இந்த ஒரு பத்திக்கு ஒரு சாயங்காலம் போயிற்று. போகட்டும்.

*

என்னைப் போல் இடைவெளி விட்டுத் திரும்பி வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு ‘அக்கா’ 1964இல் வந்தது. அடுத்த தொகுப்பு ‘திகடசக்கரம்’ வந்தது 1995இல். நடுவே 31 வருஷம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர், கணக்காளர், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நாடு நாடாக வேலை பார்த்தவர், ஐ.நா.விலும் இருந்தவர். திரும்பி எழுத வந்தபோது ‘அக்கா’வின் அடுத்த கதையை அவர் எழுதப் பார்க்கவில்லை. சியரா லியோனும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் தமிழ்க் கதைக்குள் வந்தன. கொக்குவிலும் வந்தது, ஆனால் அது பல தேசம் பார்த்துவிட்டு வந்த ஒருவர் நினைத்துப் பார்க்கிற கொக்குவில். எழுதாமல் இருந்த வருஷங்கள்தான் அவருக்குக் கதைகளைக் கொடுத்தன என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த முப்பது வருஷமும் எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வந்தபோது, வந்த நேரத்து மனிதராக வந்தார்.

*

எழுதாத காலத்தைத் தவம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மௌனியைச் சொல்வார்கள். மொத்தம் 24 கதை. அதில் பாதிக்கு மேல் 1930களின் பிற்பகுதியில் எழுதியவை, மிச்சம் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தவை. அவர் கதைகளின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு, இடைப்பட்ட காலமெல்லாம் ஏதோ ரகசியமாக விளைந்துகொண்டிருந்தது என்று நம்பத் தோன்றும். அவருக்கு அப்படி இருந்திருக்கலாம். எல்லோருக்கும் அதைச் சட்டமாக்க முடியாது. பெரும்பாலானவர்களின் எழுதாத காலம் ஜமாபந்தி, பிள்ளைகளின் பரீட்சை, அப்பாவின் டயாலிசிஸ், வீட்டுக் கடன். அவை வாழ்க்கை, மதிக்க வேண்டியவை. அவற்றுக்குத் தவம் என்று பெயர் வைத்தால் அந்த நாட்களின் களைப்பு மறைந்துபோகிறது.

*

சுந்தர ராமசாமிக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் புத்தகமாக வந்தது. அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் அவர் படைப்பாக எதுவும் எழுதவில்லை. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, வீடு, நண்பர்கள், வாசிப்பு எல்லாம் இருந்தன. 1973 வாக்கில் மறுபடி தொடங்கினார். முந்தைய ‘பிரசாதம்’ தொகுப்பையும் பிந்தைய ‘பல்லக்குத் தூக்கிகள்’ தொகுப்பையும் அடுத்தடுத்து வைத்து இந்த வாரம் படித்தேன். ‘பிரசாதம்’ கதையில் போலீஸ்காரரும் அர்ச்சகரும் தெருவில் நிற்கிறார்கள். வேர்வை தெரிகிறது, பயம் தெரிகிறது, சிரிப்பும் வருகிறது. பின்னால் வந்த கதைகளில் ஊரும் பேரும் பின்னுக்குப் போய் ஓர் உருவகத்தின் இறுக்கம் வந்துவிடுகிறது. வாக்கியமே வேறு. பழைய வாக்கியம் ஆளைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். புதியது எட்ட நின்று உற்றுப் பார்க்கும்.

பிறகு 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. புளியமரத்தில் தாமோதர ஆசான் கதை சொல்ல, பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஜே.ஜேயில் ஆசான் இல்லை, சுற்றி உட்காரவும் யாரும் இல்லை. இறந்துபோன ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றி பாலு என்ற தமிழ் எழுத்தாளன் சேர்த்த தகவல்களும், அந்த எழுத்தாளனின் நாட்குறிப்பும்தான் நாவல். இரண்டு புத்தகத்துக்கும் நடுவே 15 வருஷம். புளியமரத்தை நேசித்த வாசகர்கள் இன்னொரு புளியமரத்துக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். இன்றைக்கும் எனக்குப் பிரியமானது புளியமரம். ஆனால் அவர் அதையே திரும்ப எழுதியிருந்தால் தமிழ் நாவலுக்கு ஜே.ஜே கிடைத்திருக்காது. தனக்குக் கைவந்த ஒன்றை, வாசகர் கைதட்டிய ஒன்றை, அப்படியே விட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! இதைத்தான் இந்த நோட்டில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்கிற ஆசைதான் என்னை இத்தனை நாள் எழுதவிடாமல் வைத்திருந்தது. அங்கே போய் நின்றால், என் பழைய கதைகளை எழுதிய பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.

*

பழைய கதைகளில் இரண்டு மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. யூனிகோடு பரவாத காலத்தில், ஏதோ ஓர் எழுத்துருவில் டி.டி.பி. கடையில் அடித்துக் கொடுத்தது. பாமினியா வேறொன்றா என்று தெரியாமல் எழுத்துரு மாற்றியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் தமிழ் வந்தது. படித்தேன். அவற்றில் ஒரு துணிச்சல் இருக்கிறது. இப்போது தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கப் பழகுகிறேன். முதல் வரைவு மட்டும் பேனாதான்.

*

1934இல் மணிக்கொடியில் யாப்பை விட்டு விலகிக் கவிதை எழுதியவர் ந. பிச்சமூர்த்தி. 1940களின் பிற்பகுதியிலிருந்து கவிதைப் பக்கம் அவர் அதிகம் வரவில்லை. கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தவர், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். பிச்சமூர்த்தியின் பழைய கவிதையான ‘பெட்டிக்கடை நாரண’னை எடுத்து மறுபடி அச்சிட்டார். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர் புதுக் கவிதைகளோடு திரும்பி வந்தார். 1962இல் ‘காட்டு வாத்து’ தொகுப்பு வந்தது. அதே வருஷம் 24 பேரின் கவிதைகளைச் சேர்த்து ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பையும் செல்லப்பா போட்டார். இருபதுகளில் இருந்த பையன்களோடு பிச்சமூர்த்தியும் அதில் இருந்தார்.

ஒரு பத்திரிகை, அதை நடத்துகிற ஒரு பிடிவாதக்காரர், ‘உங்களுடையது வேண்டும்’ என்கிற கேட்பு. திரும்பி வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தால் தானாக வெளியே வந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லாத பேச்சு.

ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘புயலிலே ஒரு தோணி’யை 1962 வாக்கில் எழுதி முடித்தவர், அது அச்சேறுவதைப் பார்க்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ‘கடலுக்கு அப்பால்’. இரண்டே நாவல். இந்தோனேசியாவின் மெடானிலிருந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்து, 1997இல் இறந்தார். மூன்றாவது நாவல் வரவேயில்லை. ஒரு செல்லப்பா அவர் அறைக் கதவைத் தட்டியிருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

*

முன்பு என் கதைகளைப் போட்ட சிற்றிதழின் ஆசிரியர் போனில் பேசினார். பத்திரிகையை மறுபடி கொண்டுவருகிறாராம், மூன்று மாதத்துக்கு ஒன்று.

“என்னம்மா, எதுவும் கைவசம் இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி. ஆரம்பிச்சிருக்கேன். எப்படி வருதுன்னே தெரியல.”

“முழுசா முடிச்சு அனுப்புங்க. கொறை என்னன்னு பெறகு பாத்துக்கிடுவோம்.”

போனை வைத்தபின் அடுப்பில் குழம்பு இருந்ததுகூட நினைவில்லாமல் இரண்டு பக்கம் எழுதினேன்.

*

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே நான் எழுதிய பெயர்கள் எல்லாம் ஆண்கள். ஆண் எழுத்தாளர் பத்து வருஷம் எழுதாமல் இருந்தால் அது ‘மௌனம்’ ஆகிறது; பேட்டியில் அதைப் பற்றிக் கேள்வி வருகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பத்திரிகைகளில் இரண்டு கதை, மூன்று கதை எழுதிவிட்டுக் காணாமல் போன பெண்கள் எத்தனையோ பேர். பழைய இதழ்களைப் புரட்டினால் அந்தப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்கள் நிறுத்தியதை யாரும் குறித்து வைக்கவில்லை. கல்யாணம் ஆகிப் பெயருக்குப் பின்னால் வேறு பெயர் ஒட்டிக்கொண்டதும், தேடினாலும் கிடைக்காத ஆட்களாகிவிட்டார்கள். எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து சேர்க்கிற இடம். அப்படி ஒரு கேள்வியோடு யாராவது அந்தப் பெண்களிடம் போக வேண்டும்: நீங்கள் எழுதாமல் இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்கு ஆகும். அவர்களில் ஒருவராவது எழுபது வயசில் பேனாவை எடுத்தால், முதல் பிரதி எனக்கு வேண்டும்.

*

பெருமாள்முருகனின் இடைவெளியை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அது பறிக்கப்பட்டது. ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். அதற்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. 2015 ஜனவரியில் எழுத்தையே நிறுத்துவதாக அவர் அறிவித்தார். வருவாய்த் துறையில் இருந்தவளுக்கு அமைதிப் பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று தெரியும். ‘இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டனர்’ என்று வேறு வழக்குகளில் எத்தனையோ முறை அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கொண்ட ஒரு தரப்பின் முகம் அந்த வரியில் இருக்காது.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷமே ‘கோழையின் பாடல்கள்’ வந்தது, ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ வந்தது. மனுஷரைப் பற்றி எழுதப் பயமான நாட்டில் ஓர் ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்டார். பூனாச்சியில் அரசாங்கம் ஆட்டுக்கும் காதில் அடையாளம் குத்துகிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தன.

*

பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். ‘வெக்கை’ 1982இல் வந்தது, 2012இல் ‘அஞ்ஞாடி’. இடையில் வேறு புத்தகங்கள் உண்டு என்றாலும், இந்த ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவலுக்கு முன்னால் சில வருஷங்கள் பதிவேடுகளிலும் பழைய வழக்குக் கட்டுகளிலும் அவர் புழங்கியிருக்கிறார். கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளை எல்லாம் அதில் வருகின்றன. காகிதத்தை வைத்துக்கொண்டு காகிதத் தமிழ் இல்லாமல் எழுத முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

*

இப்போதைய கதை ஒரு தலையாரியைப் பற்றியது. 1980 நவம்பரில் கர்ணம், முன்சீப் பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, பிறகு வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். கர்ணம் வீட்டு வாசலில் நின்றே பழகிய தலையாரி, புதிதாக வந்த இருபத்திரண்டு வயசு வி.ஏ.ஓ. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னதும் என்ன செய்வார்? பல வருஷமாக மனசில் கிடந்த கரு இதுதான். அன்றைக்கு எழுதியிருந்தால் அவர் உட்காருவதோடு கதை முடிந்திருக்கும்.

இன்றைக்கு அதோடு முடியவில்லை. அவருடைய பேத்தி செல்போனில் பட்டாவைத் தேடுகிறாள். சர்வே எண்ணை அடித்தால் பெயர் வருகிறது; தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை. வாழ்நாளெல்லாம் அந்த ஊர் நிலங்களின் எல்லைக் கல்லைக் காட்டிக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. இது என் பழைய கருவில் இருந்த விஷயம்தான். அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை, நான் அந்த வி.ஏ.ஓ.வின் வயசில் இருந்தேன். இப்போது தலையாரியின் வயசில் இருக்கிறேன்.

ஆனால் செல்போன் வந்ததும் மூன்றாம் பக்கம் உடைந்துவிட்டது. தலையாரி பதினோரு கிலோமீட்டர் நடந்து போய்ச் செய்தி சொல்கிற பகுதி அது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பேத்தியின் காலத்தில் அந்த நடைக்கு வேலையில்லை. வெட்டிவிடலாமா, அல்லது நடையை அப்படியே 1981இல் வைத்துவிட்டு பேத்தியை இரண்டாம் பாகமாகக் கொண்டுவரலாமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்க வேண்டும். பேத்தியின் வாயில் வருகிற தமிழ் எனக்குப் பழக்கமில்லை. நாளைக்குக் காலை பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுகிற நேரம் பார்த்துக் கோவில்பட்டி வரை போய்வரலாம் என்றிருக்கிறேன். அண்ணாச்சி தைக்குள் கேட்டிருக்கிறார்.