கண்ணாடிக் கதவுக்கு ஒரு திரை

ஒரு காலத்தில் கிழக்கிலங்கையின் முஸ்லிம் வீடுகளுக்கு அகன்ற வளவு இருந்தது. வளவைச் சுற்றிக் கிடுகு வேலியோ மதிலோ இருந்தது. பெண்கள் முற்றத்தில் நெல் காயப் போட்டார்கள். கிணற்றடியில் உடுப்புக் கழுவினார்கள். வேலியே அவர்களுக்குத் திரையாக இருந்தது. யன்னலுக்கு என்ன துணி போடுவது என்று எமது உம்மாமார் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று நிலைமை வேறு. எமது பகுதியில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. வாப்பாவின் வளவு மூன்று பெண்மக்களுக்கு மூன்றாகப் பிரிகின்றது. அடுத்த தலைமுறையில் அதுவும் பிரிகின்றது. காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் இனி வீடு மேல்நோக்கித்தான் வளர வேண்டும். அதே வேளையில், மண்டபத்திற்கு அலுமினியச் சட்டமிட்ட ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போடுவதும் பரவிவிட்டது. வேலி இருந்த இடத்தில் அயல் வீட்டுப் படிக்கட்டு. சுவர் இருந்த இடத்தில் ஆறடி, எட்டடி அகலத்தில் கண்ணாடி. இதற்கு எப்படித் திரை போடுவது என்று பெண்கள் வகுப்பில் என்னிடம் கேட்காத மாதமில்லை. இது துணிக்கடையில் மட்டும் முடிகின்ற விடயமல்ல என்பதால் எழுதுகின்றேன்.

எனது தங்கையின் வீட்டையே எடுத்துக்கொள்கின்றேன். மச்சான் கட்டாரில் தொழில் செய்கின்றார். வீடு முடிந்ததும் தங்கை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, வெளிச்சம் ஒரு துளியும் புகாத தடித்த துணியைக் கண்ணாடிக் கதவு முழுவதற்கும் போடச் சொன்னார். போட்டார்கள். நான்கு மாதமாக அது விலக்கப்படவே இல்லை. நான் போன ஒரு ளுஹர் நேரத்தில் மண்டபத்தில் லைட் எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. உம்மா கதிரையை அடுக்களை வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டு, அங்கே வந்த வெளிச்சத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்.

“காக்கா, கண்ணாடிக் கதவு போட்ட வீட்டில உம்மாக்கு ஓதுறதுக்கு வெளிச்சம் இல்ல. இத யாருக்கிட்டச் சொல்ற?” என்றாள் தங்கை.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பெண்ணின் மறைவைப் பேணுவது கடமைதான். அதற்காக அவளது வீட்டின் வெளிச்சத்தையும் காற்றையும் பறித்துவிட வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நாளின் பெரும் பகுதியை வீட்டில் கழிப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் அல்லவா?

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு தங்கையையும் கூட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று கதவைப் பார்த்தேன். இந்தச் சோதனையை எல்லோரும் தமது வீட்டில் செய்து பார்க்கலாம். கண்ணாடியின் இயல்பு இதுதான்: வெளிச்சம் கூடிய பக்கத்தைக் குறைந்த பக்கத்தில் நிற்பவர் பார்க்கலாம். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம். எனவே மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றே உள்ளே இருப்பவரை ஓரளவு மறைத்துவிடும். மாலையில் உள்ளே லைட் போட்டதும் எல்லாம் தலைகீழாக மாறும். அந்த மெல்லிய திரைக்குப் பின்னால் நடப்பது தெருவுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒட்டுகின்ற கருமையான ஸ்டிக்கரும் இப்படித்தான். பகலில் முகம் பார்க்கும் கண்ணாடி போல் மினுங்கும். இரவில் அதை நம்ப முடியாது.

ஆகவே ஒரு கதவுக்கு இரண்டு திரைகள் வேண்டும். கண்ணாடியை ஒட்டி மெல்லியது. அதற்கு உள்ளே தடித்தது. பகலில் மெல்லியது மட்டும். மஃரிபுக்கு அதான் கேட்டதும், லைட் போடுவதற்கு முன் தடித்ததை இழுத்துவிட வேண்டும். தங்கையின் வீட்டில் இன்று இதுவே நடைமுறை. உம்மாவின் கதிரையும் மண்டபத்திற்குத் திரும்பிவிட்டது.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகின்றேன். ஸ்லைடிங் கதவில் பெரும்பாலும் ஒரு பாதிதான் நகரும். திரையை அசையாத பாதியின் பக்கம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் போக வர அது காலில் சிக்கும். கம்பியை அந்தப் பக்கம் சட்டத்திற்கு வெளியே ஓரடி நீட்டிப் பூட்டினால், ஒதுக்கிய துணி கண்ணாடியை மறைக்காது. துணியின் அகலம் கதவின் அகலத்தைப் போல் இரு மடங்கு இருந்தால் மடிப்பு அழகாக விழும். பருத்தித் துணியென்றால் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காய விடுங்கள். பிறகு சுருங்கிக் கட்டையாகாது. கடலோர ஊர்களில் இரும்பு வளையம் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ நல்லது.

மேற்குப் பார்த்த கதவென்றால் கச்சான் காற்றுக் காலத்துப் பின்னேர வெயிலை எண்ணிப் பாருங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டை உள்ளிருக்கும் துணியால் முழுதாகத் தடுக்க முடியாது. கதவுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியில் படுவதற்கு முன்பே நின்றுவிடும். நிறுத்தி வைத்த பட்டிகளாகத் தொங்கும் பிளைன்ட் அலுவலகத்திற்குப் பொருந்தும். காற்றடிக்கும் வீட்டில் சடசடக்கும், பிள்ளைகள் இழுத்தால் கழன்றுவிடும். கயிற்றால் இழுக்கும் திரை எதுவானாலும் அந்தக் கயிறு குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டப்பட வேண்டும். வளையமாகத் தொங்கும் கயிறு சிறு பிள்ளையின் கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

துணியின் சித்திரம் பற்றியும் கேட்கின்றார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், பின்னர் அது வெட்டப்பட்டுத் தலையணையாக்கப்பட்டதும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. பூவும் கொடியும் கோடும் உள்ள துணிகள் கடையில் தாராளமாக உண்டு. கல்லையும் மண்ணையும் துணியால் போர்த்துவதை அன்னார் விரும்பவில்லை என்ற கருத்தும் முஸ்லிம் கிரந்தத்தில் வருகின்றது. மறைப்பதற்குத் தேவையான துணி வேறு. அயலவர் வீட்டைவிட உயர்வாகத் தெரிய வேண்டும் என்று அடுக்கடுக்காகத் தொங்கவிடும் சரிகைக் குஞ்சம் வேறு. முன்னதற்குச் செலவிடுங்கள், பின்னதை விட்டுவிடுங்கள்.

முக்கியமான விடயத்திற்கு வருகின்றேன். சூரா அந்நூரின் 58 ஆவது வசனம், வீட்டிலுள்ள சிறுவர்களும் பணியாளர்களும் அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டிய மூன்று நேரங்களைச் சொல்கின்றது: ஸுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின். இவற்றில் இரண்டு, லைட் வெளிச்சத்தில் கண்ணாடி எம்மைக் காட்டிக்கொடுக்கும் நேரங்கள். அக்காலத்து வீடுகளில் திரைகள் இருக்கவில்லை என்றும், பின்னர் அல்லாஹ் திரைகளையும் வசதியையும் கொடுத்தபோது மக்கள் இந்த அனுமதி கேட்கும் ஒழுங்கை விட்டுவிட்டார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கவலைப்பட்டதாக அபூதாவூதில் காண்கின்றோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்பதும் அதே கிரந்தத்தில் உண்டு.

திரை வாங்கியதோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. மறைவின் பாதிப் பொறுப்பு வெளியே நிற்பவனுடையது. மாடி கட்டுபவர் தமது படிக்கட்டின் அயல் பக்கத்தில் ஆளுயரத்திற்குச் சுவர் எழுப்பட்டும். அது அவர் அயலவருக்குச் செய்யும் உரிமை. ஆண்மக்களுக்கு, பிறர் வீட்டுக் கண்ணாடியைக் கடக்கும்போது பார்வையைத் தாழ்த்தச் சிறு வயதிலேயே பழக்குங்கள். கணவன்மாரே, திரைத் துணியைத் தெரிவு செய்யும்போது அந்த மண்டபத்தில் பகல் முழுவதும் இருக்கப் போகின்றவளிடம் முதலில் கேளுங்கள்.

எமது வீடுகளை மறைவும் வெளிச்சமும் ஒருங்கே உள்ள வீடுகளாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக!